பதினோராம் கேள்வி

படிவத்தோடு மேசைமேல் கிடந்த பேனாவை அம்மா தொடவே இல்லை. கைப்பையின் ஜிப்பை இழுத்து உள்ளே துழாவி, கண்ணாடிக் கூடு, மடித்த பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்ட் போட்ட காகிதக் கட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே பரப்பி, கடைசியில் தன் சொந்தக் கறுப்புப் பேனாவைக் கண்டுபிடித்து, உள்ளங்கையில் இரண்டு தரம் கிறுக்கிப் பார்த்துக்கொண்டு, "ம், எழுதுது" என்றாள். அந்த "எழுதுது"விலேயே காந்திமதிக்குப் பாதி உயிர் போய்விட்டது. மணி பத்து நாற்பத்தைந்து. பதினோரு மணிக்கு ஸ்டுடியோ முதலாளி ஜெபஸ்டின் அண்ணன் வந்து பக்கத்தில் கைகட்டி நிற்பார், இவள் ஓர் உயிருள்ள தோலில் ஒரு கோடு பச்சை குத்திக் காட்ட வேண்டும், கோடு சுத்தமாக இருந்தால் திங்கட்கிழமையிலிருந்து இரண்டாவது நாற்காலி இவளுடையது, இல்லையென்றால் தூத்துக்குடியிலிருந்து ஒருவன் காத்துக்கொண்டிருக்கிறான், மூன்று வருஷ அனுபவம், சொந்த மெஷின். இத்தனையும் ஒரு கோட்டில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கை கொடுப்பதாகச் சத்தியம் செய்திருந்த ஷர்மிளா ஒன்பது மணிக்கு, ஆம், சரியாக ஒன்பது மணிக்கு, 'சாரிடி, வீட்ல தெரிஞ்சா தோலை உரிச்சிருவாங்க' என்று அனுப்பி, கூடவே அழுகிற முகம் மூன்று. உரிக்கப்போகிற தோல்தானே, அதற்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் தந்தால் என்ன குறைந்துபோகும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பதில் எழுதி, அழித்து, போனைத் தலையணையில் எறிந்தபோது அம்மா கதவோரம் நின்றிருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கேட்டவள் உள்ளே போய்விட்டாள். இவள் ஸ்டுடியோவுக்கு வந்து, பெருக்கி, ஏசி போட்டு, இனி யாரைப் பிடிப்பது, கீழே செல்போன் கடைக்காரனிடமே கேட்டுவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, வண்ணார்பேட்டை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, இரண்டு மாடி ஏறி, வேர்த்து ஊற்ற அம்மா வாசலில் நிற்கிறாள். "படியாளா இது, மலை" என்றாள் முதலில். அப்புறம், கொஞ்சம் நின்று, "எவ கை குடுக்கலன்னா என்ன, நான் இருக்கேம்லா" என்றாள்.

இதை நம்புவதா, வேண்டாமா என்றே காந்திமதிக்குத் தெரியவில்லை. ஏனென்றால் ஒன்றரை வருஷமாக இதே வாய்தான் 'பச்சை குத்துறவன்னு ஊர்ல சொல்லிட்டுத் திரியவா' என்று கேட்டது. கட்டட வரைபட ஆபீசை விட்டுவிடப்போகிறேன் என்று இவள் சொன்ன ராத்திரி சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டவள். நாலு வருஷம், ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், அடுத்தவர்கள் வீட்டுக் கக்கூஸ் எந்த மூலையில் வரவேண்டும் என்று கம்ப்யூட்டரில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள் காந்திமதி, வாஸ்துக்காரர் வந்து அதை வேறு மூலைக்குத் தள்ளுவார், மறுபடி இழுப்பாள், வீட்டுக்காரரின் மச்சினன் வந்து பழைய மூலைக்கே கொண்டுவருவார், மறுபடி. அந்தக் கோடுகளில் ஒன்றுகூட நிற்காது. நிற்கிற ஒரு கோடு வேண்டும் என்றுதான் இங்கே வந்தாள், அதை அம்மாவுக்குச் சொன்னால், "கோடு நிக்கும், கல்யாணம் நிக்குமா?" என்று திருப்பிக் கேட்பாள். சொந்தக்காரர்களிடம் மக டிசைனிங்ல இருக்கா என்று சொல்லி வைத்திருக்கிறாள், என்ன டிசைனிங் என்று கேட்டால் எல்லா டிசைனிங்கும்தான் என்பாளாம். பெங்களூருக்கு நாலு மாசம் இதைப் படிக்கப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டியபோது மட்டும் சண்டை போடவில்லை. அதிசயமாக, சரி போ என்றுவிட்டாள். அந்த 'சரி போ'வில் ஏதோ உள்குத்து இருக்கிறது, போகிற இடத்தில் பட்டுத் திருந்தி வரட்டும் என்று நினைக்கிறாள் என்று ரயிலில் சேலம் வரைக்கும் எரிச்சலாகவே இருந்தது. இன்றைக்கு அதே அம்மா வந்து இடது கையைச் சேலைத் தலைப்பால் துடைத்து நீட்டுகிறாள். இந்தப் பொம்பளையை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது?

"முழுப்பெயர்," என்று படித்தாள் அம்மா, சத்தமாக. எதையும் சத்தமாகப் படித்தால்தான் அவளுக்கு ஏறும். "உலகம்மாள். ஏளா, இனிஷியல் முன்னாலயா, பின்னாலயா?"

"எங்கயாவது போடும்மா."

"எங்கயாவது போடக்கூடாது. ஆதார்ல எப்பிடி இருக்கோ அப்பிடித்தான் போடணும். பொறவு ஒரு எழுத்து மாறிச்சுன்னா எவன் பதில் சொல்லுவான்?"

இருபத்திரண்டு வருஷமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஃபாரம் என்றால் அம்மாவுக்குச் சாமி மாதிரி. கல்யாண வீட்டில், துஷ்டி கேட்கப்போன சாவு வீட்டில், ரேஷன் வரிசையில், எங்கே நின்றாலும் பக்கத்திலிருப்பவரிடம் வயசு கேட்டுப் பிள்ளை எத்தனை கேட்டு ஃபாரத்தை நீட்டிவிடுவாள். காந்திமதி நாற்காலிக் கைப்பிடிக்குப் பிளாஸ்டிக் உறை சுற்ற ஆரம்பித்தாள். உறையின் நுனி கிடைக்கவில்லை. எந்தப் பக்கம் நகத்தால் சுரண்டினாலும் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. நுனியைக் கண்டுபிடித்த நேரம் பார்த்து, "தொழில்னு கேட்டிருக்கு, ஆலோசகர்னு போடவா?" என்றாள் அம்மா, நுனி போய்விட்டது. இப்படித்தான். வாழ்க்கை முழுக்க இப்படித்தான், இவள் ஒரு நுனியைப் பிடிக்கிற நேரத்துக்கு அம்மா ஒரு கேள்வி கேட்பாள். பூசணிக்காயில் போட்டுப் பழகும்போது அப்படித்தான், கோடு இழுத்து முடிகிற இடத்தில் வந்து, "இதச் சமைக்கலாமா, விஷமா?" என்பாள். ரப்பர் தோலில் பழகினாள், வாழைப்பழத்தோலில் பழகினாள், பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பன்றிக்கறிக் கடையில் தோல் மட்டும் கேட்டு வாங்கி வந்து, வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அம்மா சொல்லி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து ஈயை விரட்டிக்கொண்டு பழகினாள். பன்றி பேசாது. பன்றிக்கு வலிக்காது, நெளியாது, இனிஷியல் எங்கே போட என்று கேட்காது. உயிருள்ள தோல் வேறு என்று ஜெபஸ்டின் அண்ணன் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அது மூச்சு விடும் காந்தி, நீ கோடு இழுக்கும்போது அது ஏறி இறங்கும், அதோட மூச்சோட நீயும் போகணும். காந்தி என்று கூப்பிடாதீர்கள் என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று.

யானை வேண்டுமாம் அம்மாவுக்கு. சின்னதாக, மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, கண்ணாடி வளையலைத் தள்ளினால் மறைகிற அளவுக்கு. "உன் பேரை எழுதுன்னு நான் கேக்கல. அது கூச்சமா இருக்கும். ஒரு யானை போட்டுட்டேன்னா எனக்குத் தெரியும்லா." நெல்லையப்பர் கோயில் யானைக்கும் காந்திமதி என்றுதான் பேர். பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் இவளைப் பார்த்துத் தும்பிக்கையை ஆட்டிக் காட்டினார்கள், வாழைப்பழம் நீட்டினார்கள், ஆசீர்வாதம் பண்ணு என்று தலையைக் குனிந்தார்கள், அழுதுகொண்டு வந்து பேரை மாற்று என்று கேட்டதற்கு, யானையைவிடவா நீ பெரிய ஆளு என்று கேட்டவள் இந்த அம்மா. இப்போது யானை வேண்டும். இவள் பத்து நிமிஷத்தில் வரைந்தாள். மொத்தமும் ஒரே கோடு, நெற்றியிலிருந்து இறங்கித் தும்பிக்கை நுனியில் சுருண்டு, வயிறு வழியாக வாலில் போய் முடிகிற ஒரே கோடு. எரிச்சலில் வரைந்ததாலோ என்னவோ, நன்றாக வந்திருந்தது. அதை ஸ்டென்சில் தாளில் எடுத்து வைத்தாகிவிட்டது. மையைக் கிண்ணியில் ஊற்றினாள், ஊசியின் உறையைப் பிரிக்காமல் தேதி பார்த்தாள், மெஷினின் கால்மிதியை ஒரு தரம் மிதித்துப் பார்த்தாள். அது ர்ர்ர் என்றது. அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தாளில் குனிந்தாள். பயப்படுகிறாளோ? பயப்படட்டும். கொஞ்சம் பயந்தால் கொஞ்சம் பேசாமலிருப்பாள். அம்மா கையிலா முதல் கோடு. இழுத்துக்கொண்டே இருக்கும்போது கோணிவிட்டால் ஆயுசு முழுக்க அதை வைத்தே சொல்லிக் காட்டுவாள், சொந்தக்காரர்கள் வந்தால் வளையலைத் தள்ளிக் காட்டுவாள், பாருங்க, என் மக போட்டது, யானைக்குத் தும்பிக்கை உடைஞ்சிருக்கு.

"பதினொண்ணு. குருதி மெலி... மெலிவூட்டிகள் உட்கொள்பவரா? ஏளா, மெலிவூட்டின்னா என்ன?"

அந்தப் படிவத்தை இங்கிலீஷிலிருந்து தமிழாக்கியவனைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து நெற்றியில் குத்த வேண்டும். "ரத்தத்தை உறையவிடாத மாத்திரைம்மா. இல்லன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போ, அண்ணன் வந்துருவாரு."

பேனா தாளில் கீறிக்கொண்டிருக்கிற சத்தம் மட்டும் கேட்டது, ஒரு 'இல்லை' எழுதுவதைவிட நிறைய நேரம். அதற்குள் உறையின் நுனி கிடைத்துவிட்டது, இவள் சுற்றி முடித்துக் கையுறையும் மாட்டிக்கொண்டாள், கீழே பைக் நிற்கிற சத்தம், படியில் செருப்பு, ஜெபஸ்டின் அண்ணன் உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, நரைத்த குடுமியை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டு, "அம்மாவா? அம்மாவே வந்துட்டாங்களா? செம காந்தி" என்றார். எட்டு வருஷம் கோவாவில் கடை போட்டிருந்தவர், கழுத்து வரைக்கும் மை, இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு முழுக்கைச் சட்டை போட்டுப் போய்விடுவார். "படிவத்த நீயே வாசி. வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. இனி நீதான் பொறுப்பு, அதுவும் சேர்த்துத்தான் பாக்கேன்." அம்மா தாளை இரண்டு கையாலும் நீட்டினாள், வாடிக்கையாளரிடம் பாலிசியைக் கொடுக்கிற மாதிரி.

ஒன்று முதல் பத்து வரை ஓடியது கண். பதினொன்றில் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக். அம்மாவின் டிக், வாலை நீட்டி மேலே தூக்கிவிட்ட டிக். கை தவறிப் போட்டிருக்கிறாள், பார், மெலிவூட்டி புரியவில்லை, அவசரத்தில் என்று நினைத்துக்கொண்டே கீழே பார்த்தால், விவரம் என்கிற கோட்டில், இடம் போதாமல் ஓரத்திலும் ஏறி, மணிமணியான எழுத்தில்: க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், தினம் ஒரு வேளை. இதயத்தில் ஸ்டென்ட் ஒன்று. போட்ட தேதி. டாக்டர் பெயர். பரிசோதனை மாதம் ஒரு முறை. காந்திமதி இன்னொரு தரம் வாசித்தாள். எழுத்துப்பிழைகூட இல்லை. அந்தத் தேதி. அந்தத் தேதியில் எங்கே இருந்தோம்? பெங்களூரில், ஆம், போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், பேயிங் கெஸ்ட் அறையில், அன்றைக்குத்தான் முதல்முறையாக மெஷினைக் கையில் கொடுத்தார்கள், அதைச் சொல்ல அம்மாவைக் கூப்பிட்டபோது மூன்று தரம் எடுக்கவில்லை, ராத்திரி எடுத்து, "ஒரு கல்யாண வீட்டுல இருக்கேன், பொறவு பேசுதேன்" என்றாள். கல்யாண வீட்டில் மேளம் கேட்கவில்லையே. டிக் டிக் என்று ஏதோ ஒரு சத்தம், ஒரே சீராக. சீரியல் பல்புக்குச் சத்தம் இருக்குமோ என்றுகூட நினைத்தாளே, நினைத்துவிட்டு, எனக்காகப் பத்து நிமிஷம் ஒதுக்க முடியவில்லை, ஊரான் கல்யாணத்துக்கு மட்டும் நேரம் இருக்கிறது என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தாளே. இரண்டு நாள். ஐசியூவில் இரண்டு நாள் வைத்திருப்பார்களா? திரும்பி வந்தபோது ஸ்கூட்டியை விற்றிருந்தாள், கண்ணு சரியாத் தெரியலளா என்றாள். குழம்பில் உப்பு இல்லை, வர வர உனக்குச் சமைக்கவே தெரியவில்லை என்று இவள் தட்டைத் தள்ளினாள். பூண்டை நசுக்கி நசுக்கித் தின்றாள், வாய் நாறுகிறது, தள்ளிப் படு என்றாள் இவள். தண்ணீர்க் குடத்தை நீ தூக்கு என்றபோது, ஏன், உனக்கு என்ன கேடு என்று கேட்டாள். கேட்டாளே, வார்த்தை வார்த்தையாக அப்படியே கேட்டாளே. இப்போது இரண்டு மாடி. படியாளா இது, மலை. நின்று நின்று ஏறியிருக்கிறாள். அப்பா இப்படித்தான், ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தவாக்கில், தூங்குகிறார் என்று நினைத்து இரண்டு பஸ் போகும் வரைக்கும் எவரும் தொடவில்லை, அப்போது இவளுக்குப் பத்தொன்பது, எவரோ ஒருவர் அப்பா போனிலிருந்து கூப்பிட்டு, இது யாரு என்று கேட்டார், நான்தான் மகள் என்றாள், அந்த ஆள் போனை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார். அதே மாதிரி ஒரு போன் எனக்கு வந்திருக்கும், பெங்களூரில், கையில் மெஷினோடு. அதை நினைத்ததும் கொதித்துக்கொண்டு வந்தது கோபம்.

"இது என்னது?"

"எது?" என்றாள் அம்மா, கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் போட்டுக்கொண்டே.

"அம்மா, இது என்னதுன்னு கேக்கேன்."

"கேட்டிருந்துச்சு, எழுதினேன். ஃபாரத்துல பொய் எழுதக்கூடாதுல்லா."

"எட்டு மாசம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"நீ என்ன ஃபாரமா?" என்றாள் உலகம்மாள்.

ஜெபஸ்டின் அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய், சுகர் இருந்தா சுகர்னு எழுதுங்க, மறைச்சீங்கன்னா நாளைக்கு உங்க பிள்ளைங்களுக்குத்தான் கஷ்டம் என்று படித்துப் படித்துச் சொன்ன வாய். தாளில் பொய் சொல்ல அவளுக்குக் கை வராது. மகளிடம் எட்டு மாசம் தினம் மூன்று வேளை பொய் சொல்ல வரும். "யாரு கூட வந்தா?" என்று கேட்டாள் காந்திமதி. "எதுக்கு?" "ஆஸ்பத்திரிக்கு." "யாரு வரணும்? ஆட்டோல போனேன், நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குன்னு சொன்னேன், படுன்னாங்க, படுத்தேன். சாட்சிக் கையெழுத்து கேட்டாங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு பிள்ளை, அதோட புருஷன் போட்டான். நல்ல பையன், பொறவு அவனுக்கு ஒரு பாலிசி போட்டுக் குடுத்தேன்." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி. காந்திமதிக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "ஏம்மா சொல்லல?" "சொன்னா நீ வந்துருப்ப." "வந்தா என்ன?" "வந்தா பொறவு போயிருக்கமாட்ட. அந்தக் கக்கூஸ் படம் போடுற ஆபீசுலயே போய் உக்காந்துருப்ப, எனக்காக உக்காந்துருக்கேன்னு தினம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு. எனக்கு அது வேண்டாம்." பிடிக்காத தொழில், ஊரில் சொல்லக் கூச்சப்படுகிற தொழில், அதற்காக. பிடிக்கவே பிடிக்காத ஒன்றுக்காக ஒருத்தி தன்னந்தனியாகப் போய்ப் படுப்பாளா? படுத்தாள். படுத்துவிட்டு வந்து, பச்சை குத்தப்போறியா, பன்னிக்குட்டி மேய்க்கப்போறியா என்று வாய் கூசாமல் கேட்டாள். இரண்டும் ஒரே ஆள். இதை எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

"சரி, நேரமாகுது," என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா கையை உறை சுற்றிய கைப்பிடிமேல் வைத்தாள். "போடு."

"என்னத்தப் போட? பதினொண்ணுக்கு ஆம்னு எழுதிட்டு எப்பிடிப் போட?"

"அது உண்மைய எழுதினது. அதுக்கும் இதுக்கும் என்ன? ரெண்டு இன்ச் யானைளா."

ஜெபஸ்டின் அண்ணன் பிடரியைச் சொறிந்தார். "சின்ன லைன்தான் காந்தி. ஆழமாப் போகாம, மெதுவா. நான் கோவாவுல எத்தனை வெள்ளைக்காரக் கிழவனுக்குப் போட்டிருக்கேன், ஒருத்தன்கிட்டயும் மாத்திரை கேட்டதில்ல. ஒண்ணும் ஆகாது. பாத்துக்கலாம்." ஒன்றும் ஆகாதுதான். அதுதான் பெரிய தொல்லை. அனேகமாக ஒன்றும் ஆகாது, கொஞ்சம் கூடுதலாக ரத்தம் கசியும், மை கொஞ்சம் வெளியே தள்ளும், இரண்டு நாள் நீலமாக வீங்கும், போய்விடும். ஸ்டென்சில் தயாராக இருக்கிறது. மணி பதினொன்று பத்து. மிதித்தால் மெஷின் ஓடும். ஐந்து நிமிஷம், ஒரே கோடு, நாற்காலி. காந்திமதி அம்மாவின் கையைப் பார்த்தாள். உட்புறம் மஞ்சளாக, பூப்போட்ட மாதிரி அங்கங்கே ஊதாத் திட்டுகள், கதவில் இடித்தேன், குக்கர் மூடி பட்டது என்று சொல்லிச் சொல்லித் தாண்டிப்போன திட்டுகள். கையில் பிடித்துப் பார்க்கவே இல்லையே இதை. ரத்தம் நிற்கவில்லை என்றால் இவள் என்ன செய்வாள்? டாக்டரிடம் போவாளா? போகமாட்டாள். மகள் போட்டது, மகள் பேர் கெட்டுவிடும் என்று சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவாள், இரண்டு நாள், மூன்று நாள், யானை ஆறுகிற வரைக்கும். அதைப் படிவத்தில் எந்தக் கேள்வியும் கேட்காது. கேட்காததை இவள் சொல்லமாட்டாள். இவளைத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தெரியாது, இப்போது தெரியும். காந்திமதி கையுறைகளை உரித்தாள். உரிக்கும்போது விரலோடு ஒட்டிக்கொண்டு உள்வெளியாகத் திரும்பி வந்தது சனியன்.

"மாட்டேன்," என்றாள்.

"காந்தி, எனக்கு திங்கக்கிழமை ஆள் வேணும். சீசன் ஆரம்பிக்குது. தூத்துக்குடிக்காரன் காலைலகூடக் கூப்பிட்டான்."

"வரச் சொல்லுங்கண்ணே."

"யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டேன். ஆம்னு எழுதின கையில நான் போடமாட்டேன். எங்க அம்மான்னு இல்ல. யாரா இருந்தாலும் மாட்டேன். கையெழுத்து நான்தான் போடணும்னா நான் போடமாட்டேன்." சொல்லி முடித்த பிறகுதான் சத்தம் கூடிவிட்டது தெரிந்தது. அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. எல்லாம் இந்த அம்மாவால். காலையில் பேசாமல் வீட்டில் உட்கார்ந்து சாம்பார் வைத்திருந்தால், இந்நேரம் கீழே செல்போன் கடைக்காரன் கையில் பட்டாம்பூச்சி போட்டு முடித்திருப்பேன். போயிற்று. ஒன்றரை வருஷம், பூசணிக்காய், பன்றி, ஈ, எல்லாம் போயிற்று. மறுபடி வாஸ்துக்காரர். மறுபடி ஈசான மூலை.

அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அவள், "தம்பி, ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றாள். அந்தக் குரல். காந்திமதிக்கு அந்தக் குரலைத் தெரியும், உள்ளங்கால் வரை கூசியது. அது முன்பின் தெரியாத வீட்டுக்குள் தண்ணீர் கேட்டு நுழைகிற குரல். "அம்மா, வேண்டாம்." "நீ இரு. தம்பிக்குச் சொந்த ஊரு?" "இடிந்தகரைம்மா." "கடக்கரையா. கோவாவுல மொதமொத யாருக்குக் குத்துனீங்க?" ஜெபஸ்டின் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். எப்படி உட்கார்ந்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "ரூம்ல கூட இருந்தவன் ஒருத்தன்மா. ஜார்க்கண்ட்." "அவனாக் கை குடுத்தானா?" "குடிச்சிருந்தான்." "எப்பிடி வந்துச்சு?" "தேள் கேட்டான். நண்டு மாதிரி வந்துச்சு." "சண்டைக்கு வந்தானா?" "இல்ல. இன்னைக்கும் வச்சிருக்கான்." அம்மா தலையை ஆட்டினாள், எல்லாம் எதிர்பார்த்ததுதான் என்பது போல. "குடிகாரன் ஒருத்தன் உங்களை நம்பிக் கை குடுத்தான், நீங்க இன்னைக்கு மொதலாளி. என் மக தேளைத் தேளாவே போடுவா. தெளிவா இருக்கிற நீங்க ஏன் தம்பி குடுக்கக் கூடாது? உடம்பெல்லாம் எழுதி வச்சிருக்கீங்க. இன்னும் எங்கயாவது ரெண்டு இன்ச் இல்லாமலா போகும்?"

"அம்மா!" என்றாள் காந்திமதி. இதைவிடத் தூத்துக்குடிக்காரனே வந்துவிடலாம். பூமி பிளந்தால் செல்போன் கடைக்குள் விழுந்துவிடலாம். ஆனால் ஜெபஸ்டின் அண்ணன் எதையோ கணக்குப் போடுகிற முகத்தோடு ஜீன்ஸை முழங்கால் வரை சுருட்டினார். கெண்டைச்சதையில் ஒரு நங்கூரம், ஒரு சுறா, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். "இது மாதாவுக்குன்னு வச்சிருந்த இடம்," என்றார். "யானையா?" "வரைஞ்சது அதான இருக்கு," என்றாள் அம்மா. அவர் காலைப் பார்த்தார். "ஊர்ல யானைக்கால்னு சொல்லுவானுங்க." "சொல்லட்டும். நோவையா சொல்லுதாங்க, யானையத்தான சொல்லுதாங்க?" அவர் நாற்காலியில் குப்புறப் படுத்தார். "படிவம்," என்றாள் காந்திமதி, தானாகவே வாயில் வந்துவிட்டது. படுத்தபடியே ஸ்டுடியோ பேனாவால் எல்லாவற்றுக்கும் இல்லை போட்டுக் கொடுத்தார். இவள் பதினொன்றாவதை மட்டும் வாய்விட்டுக் கேட்டாள். "இல்ல, தாயே" என்றார்.

புதுக் கையுறை. மயிரை மழித்து, துடைத்து, தாளை அழுத்தி எடுத்தபோது யானை ஊதா நிறத்தில் நங்கூரத்துக்கும் சுறாவுக்கும் நடுவே நின்றது. இடது கையால் தோலை இழுத்துப் பிடித்தாள். வெதுவெதுப்பாக இருந்தது, பன்றியை மாதிரி இல்லை, உள்ளே எதுவோ ஓடிக்கொண்டே இருந்தது. மிதித்தாள். ர்ர்ர். நெற்றியிலிருந்து. ஊசி இறங்கினதும் சதை ஒரு தரம் சுருங்கி, அப்புறம் விட்டுக்கொடுத்தது. கையை அவசரப்படுத்தாதே, தோள்பட்டையிலிருந்து இழு, தும்பிக்கை இறங்குகிறது, இறங்குகிறது, அம்மா என்ன செய்கிறாள், சத்தத்தைக் காணோம், துடை, மறுபடி, அந்த டாக்டர் பெயர் தெரிந்த பெயர்தான், வண்ணார்பேட்டையில் எந்த ஆஸ்பத்திரி, எப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகப் படுத்திருந்தாள், சுருள், சுருளில் ஊசியைத் திருப்பாதே, கையைத் திருப்பு, மூச்சோடு போ, யார் மூச்சோடு, திரும்பிப் பார்த்தால் கோணிவிடும், பார்க்காமல் இருந்தால், அப்பா பெஞ்சில் உட்கார்ந்தவாக்கில், இரண்டு பஸ் போய்விட்டது, காலை மிதியிலிருந்து எடு. எடுத்தாள். திரும்பினாள். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னளா?" என்றாள் கைக்குட்டைக்குள்ளிருந்து. "ஒண்ணுமில்ல." "அப்ப இழு." எவ்வளவு எரிச்சலூட்டும் குரல். இழுத்தாள். வயிறு, பின்னங்கால், வால். வாலை முடிக்கும்போது ஊசியைத் தூக்கிவிட்ட விதம் தனக்கே பிடித்திருந்தது, அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

ஜெபஸ்டின் அண்ணன் எழுந்து கண்ணாடியில் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் போனார், தள்ளி வந்தார். "தும்பிக்கை சுருள்ல ஒரு இடத்துல நின்னுருக்க."

"தெரியும்ணே."

"ஏன் நின்ன?"

"நின்னுட்டேன்."

"வால் நல்லா இருக்கு," என்றார். அப்புறம், "திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்துரு. தூத்துக்குடிக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

உடம்பெல்லாம் ஒரு நொடி லேசாகி, அந்த நொடி முடிவதற்குள் காந்திமதி அம்மா பக்கம் திரும்பியிருந்தாள். அவள் ஏற்கனவே போனை எடுத்து யாருக்கோ எண் தட்டிக்கொண்டிருந்தாள். "மாசம் ஒரு தடவைன்னு எழுதியிருக்கியே. அடுத்தது என்னைக்கு?"

"எது?"

"அம்மா."

"வார திங்கக்கிழமைதான்," என்றாள் உலகம்மாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "பத்தரைக்கு டோக்கன். அதுக்கென்ன, நான் எட்டு மாசமாப் போய்ட்டு வந்துட்டுத்தான இருக்கேன்."

காந்திமதி மெஷினின் வயரைச் சுற்றினாள். மோதிரம் மாதிரி இறுக்கமாக, இன்னும் இறுக்கமாக. "அண்ணே, திங்கக்கிழமை நான் பன்னெண்டு மணிக்குத்தான் வருவேன்."

"பன்னெண்டெல்லாம் ஆகாதுளா," என்றாள் அம்மா. "அங்க ஒரே கூட்டம். ஈசிஜி எடுக்கவே ஒரு மணி நேரம். ரெண்டு மணி ஆயிரும்."

"ரெண்டு மணிக்கு வருவேன்ணே."

"மொத நாளேவா?"

"மொத நாளேதான்."

ஜெபஸ்டின் அண்ணன் இவளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து யாரிடமோ, ஆமா, டிசைனிங் இல்ல, டாட்டூ, டாட்டூ, காதுல விழுதா, என்று கத்திக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். குனிந்து ஜீன்ஸை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"ரெண்டரை ஆக்கிராத," என்றார்.